ஓர் ஊரின் இரண்டு இடாப்புகள்

பாடசாலையொன்றின் வரலாற்றை அறிய விரும்புவோர், அதன் நிறுவுநர் யாவர், கட்டடங்கள் எப்பொழுது எழுந்தன, அதிபர்களாய் இருந்தோர் எவரெவர் என்பவற்றையே பெரும்பாலும் தேடுவர். ஆசிரியர் மேசையில் நாள்தோறும் விரிக்கப்படும் வரவு இடாப்பினை வரலாற்று ஆவணமாக எண்ணுவோர் சிலரே. ஆயினும் அவ்விடாப்பிலுள்ள பெயர்கள் எந்தெந்த வீடுகளிலிருந்து வந்தவை, எந்த வீடுகளிலிருந்து ஒரு பெயரேனும் வரவில்லை என்று ஆராயப் புகுந்தால், ஓர் ஊர் தன்னைப் பற்றி வெளியே சொல்லத் தயங்கும் செய்திகள் பல அதிற் பதிந்திருத்தல் புலனாகும்.

1964ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஃபார்ம்வில் என்னும் சிறு பட்டினத்தில் இடாப்புகள் இரண்டு வகையாய் இருந்தன. பொதுப் பாடசாலைகளின் இடாப்புகளில் ஏறத்தாழ 1,500 பெயர்கள் இருந்தன. அவற்றுள் வெள்ளைப் பிள்ளைகளின் பெயர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதே பட்டினத்துத் தனியார் பாடசாலையின் இடாப்புகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவற்றுள் கறுப்பினப் பிள்ளை ஒன்றின் பெயர்தானும் இல்லை. ஊர் ஒன்று, கடைத்தெரு ஒன்று, பிள்ளைகள் மட்டும் இரு கூறாய்ப் பிரிந்து நின்றனர்.

இத்தகைய பிரிவைக் காண்போர் சிலர், அவரவர் விரும்பிய பாடசாலைக்கு அவரவர் செல்கின்றனர், இதிற் பிறர் சொல்ல யாதுளது என்று அமைதி கொள்வர். விருப்பம் என்னும் அச்சொல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஃபார்ம்வில் பட்டினத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

முதலிற் சொற்பொருள் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நலம். இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’ எனப்படுவது ஈட்டன், ஹரோ முதலியன போன்று, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் செலுத்திப் பயிலும் தனியார் பாடசாலையாகும். அமெரிக்காவில் அத்தொடர் நேர்மாறான பொருளுடையது. ஆங்கே பொதுப் பாடசாலை என்பது மக்களின் வரிப்பணத்தாற் கட்டணமின்றி நடைபெறும் பாடசாலை. அதற்கு வேண்டிய பணத்திற் கணிசமான ஒரு பங்கினை, கவுண்டி எனப்படும் உள்ளூர் ஆட்சிப் பிரிவுகள் தத்தம் எல்லைக்குள் அறவிடும் ஆதன வரியிலிருந்து வழங்குகின்றன. இவ்வொரு செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் திறவுகோல் இதுவே.

ஃபார்ம்வில் பட்டினம் பிரின்ஸ் எட்வேட் என்னும் கவுண்டியின் தலைநகர். புகையிலை விளையும் செம்மண் நிலம். 1775இல் தோன்றிய ஹம்டன் சிட்னி என்னும் பழைய கல்லூரி அந்தக் கவுண்டியிலேயே உள்ளது. அடிமை முறையை நிலைநாட்டுதற்பொருட்டுத் தென்மாநிலங்கள் தொடுத்த உள்நாட்டுப் போரின் இறுதியில், தென்படைத் தலைவர் றொபேட் லீ 1865 ஏப்பிரல் 7ஆம் நாள் ஃபார்ம்வில் வழியாகவே பின்வாங்கிச் சென்றார். இரண்டு நாள் கழித்து, அயலிலுள்ள அப்போமற்றொக்சில் அவர் சரணடைந்தார். அடிமைகள் விடுதலை பெற்றனர். ஆயினும் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகள் எப்பாடசாலையில் அமர்வது என்னும் வினாவுக்கு அடுத்த நூறு ஆண்டுகளிலும் நேரிய விடை கிடைக்கவில்லை.

1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இரு இனத்தாரையும் பிரித்து வைத்தல் சட்டத்துக்கு மாறானதன்று, வசதிகள் சமமாயிருந்தாற் போதும் என்று தீர்ப்பளித்தது. 1902இல் வேர்ஜீனியா மாநிலத்தின் புதிய அரசியலமைப்பு, வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையிற் பயிலுதலை வெளிப்படையாகவே தடுத்தது. பிரித்தல் ஒழுங்காக நடந்தது. சமமாய் நடத்தல் ஏட்டளவில் நின்றது.

அச்சமமின்மைக்குச் சான்றாய் நின்றது மோட்டன் உயர்தரப் பாடசாலை. அக்கவுண்டியில் வளர்ந்து, புகழ்பெற்ற டஸ்கீகி கல்விக்கூடத்தின் தலைவராய் விளங்கிய றொபேட் றூசா மோட்டன் என்னும் கறுப்பினப் பெருமகனாரின் பெயரைத் தாங்கிய அப்பாடசாலை, 1939இல் 180 மாணவர்க்கெனக் கட்டப்பட்டது. 1951இல் அதிற் பயின்றோர் 450 பேருக்கு மேற்பட்டோர். உடற்பயிற்சி மண்டபம் இல்லை; உணவுக்கூடம் இல்லை; விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லை. இடநெருக்கடி தீரக் கவுண்டி செய்த உதவி, பலகையடித்துத் தார்க் கடதாசி போர்த்த சில கொட்டில்களே. மழைநாளிற் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்கு அண்மையில் இருந்த பிள்ளைக்குப் புழுக்கம். அப்பால் இருந்த பிள்ளைக்கு நடுக்கம். பெற்றோரும் அதிபரும் புதிய கட்டடம் வேண்டிப் பலமுறை முறையிட்டும் காலம் கடத்தப்பட்டதேயன்றிக் காரியம் ஆகவில்லை.

1951 ஏப்பிரல் 23ஆம் நாள், பார்பரா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி, முதியோர் செய்ய முடியாததைச் செய்யத் துணிந்தாள். பட்டினத்தில் மாணவர் சிலர்க்கு இடர் நேர்ந்துள்ளது என்று தொலைபேசி வழியாகச் சொல்லச் செய்து, அதிபரை வெளியே போக்கினாள். பின்னர் எல்லா வகுப்புகளையும் மண்டபத்துக்கு வருமாறு குறிப்பனுப்பினாள். ஆசிரியர்கள் வந்து பார்த்தபொழுது மேடையில் நின்றவர்கள் மாணவத் தலைவர்கள். நல்ல பாடசாலை கிடைக்கும்வரை வகுப்புக்குச் செல்வதில்லை என்னும் முடிவு அன்று எடுக்கப்பட்டது. அதிபரை ஏமாற்றியமை ஒழுங்கிற்கு மாறானதே எனினும், அச்செயலால் அவர்மீது பழி விழாதிருக்கவே பிள்ளைகள் அவரை அகற்றினர் என்பதும் நினைக்கத்தக்கது. அவ்வாறிருந்தும் அவ்வதிபரின் சேவை ஒப்பந்தம் பின்னர் புதுப்பிக்கப்படவில்லை.

இரண்டு வாரம் நீடித்த அவ்வேலைநிறுத்தத்துக்கு ஃபிரான்சிஸ் கிரிஃபின் என்னும் உள்ளூர்ப் போதகர் துணை நின்றார். நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் சட்டத்தரணிகளாகிய ஒலிவர் ஹில், ஸ்பொட்ஸ்வூட் றொபின்சன் ஆகிய இருவரும் ஃபார்ம்வில்லுக்கு வந்தனர். அவர்கள் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் ஒரு நிபந்தனையை முன்வைத்தனர். கறுப்பினத்தார்க்கு மேலும் ஒரு நல்ல தனிக் கட்டடம் கேட்பதாயின் தாங்கள் வழக்காடுவதில்லை; பிரித்து வைக்கும் முறையையே நீக்கக் கேட்பதாயின் வழக்காடுவோம் என்றனர். கூடி ஆராய்ந்த மக்கள் இரண்டாவதையே தெரிந்தனர். 1951 மே 23ஆம் நாள் 117 மாணவர்களின் பெயரில் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. பார்பராவுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய பெற்றோர், அவளை அலபாமாவிலுள்ள தந்தையின் சகோதரர் வேர்னன் ஜோன்ஸ் இல்லத்துக்கு அனுப்பிவைத்தனர். அவர் மொண்ட்கொமரி நகரத் திருச்சபையொன்றின் போதகர். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த இளைஞரே மார்ட்டின் லூதர் கிங்.

கீழ் நீதிமன்றம் பிள்ளைகளின் வழக்கை ஏற்கவில்லை. இதற்கிடையில் 1953இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கெனப் புதிய உயர்தரப் பாடசாலைக் கட்டடம் ஒன்று எழுந்தது. வழக்கோ மேன்முறையீட்டிற் சென்று, வேறிடங்களிலிருந்து வந்த நான்கு வழக்குகளோடு சேர்க்கப்பட்டது. 1954 மே 17ஆம் நாள், பிரதம நீதியரசர் ஏர்ள் வாரன் நீதிபதிகள் அனைவரின் ஒருமித்த தீர்ப்பை வாசித்தார். பொதுக்கல்வியிற் பிரித்து வைத்தலே சமமின்மை என்பது அதன் சாரம். மறு ஆண்டு வெளிவந்த இரண்டாம் தீர்ப்பு, இதனை எப்பொழுது நிறைவேற்றுவது என்பதற்கு நாள் குறிக்கவில்லை. ஆராய்ந்து விரைந்து செய்க என்று மட்டும் கூறிற்று. ஆராய்தலைப் பற்றிக்கொண்டோர் விரைதலை விட்டுவிட்டனர்.

வேர்ஜீனியாவின் செல்வாக்கு மிக்க செனற்றர் ஹரி பேர்ட் 1956இற் பெரும் எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் தொடக்கினார். இரு இனப் பிள்ளைகளும் சேரும் பாடசாலையை மூடிவிடுதற்கு மாநிலச் சட்டம் வழி செய்தது. 1958 செப்டெம்பரில் நோர்ஃபோக், சார்லற்ஸ்வில், ஃபுரொண்ட் றோயல் ஆகிய இடங்களிற் பாடசாலைகள் மூடப்பட்டன. பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வகுப்பறையை இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வெள்ளையர். 1959 ஜனவரி 19ஆம் நாள் மாநில நீதிமன்றமும் மத்திய நீதிமன்றமும் அச்சட்டம் செல்லாதென ஒருங்கே கூறின. மூடிய பாடசாலைகள் திறந்தன. அதன்பின் மாநில சட்டமன்றம் கட்டாயக் கல்விச் சட்டத்தை நீக்கி, பாடசாலைக்குச் செல்லுதலை உள்ளூராட்சியின் விருப்பத்துக்கு விட்டது. ‘தெரிவுச் சுதந்திரம்’ என்னும் இனிய பெயர் அத்திட்டத்துக்குச் சூட்டப்பட்டது.

அச்சுதந்திரத்தைப் பிரின்ஸ் எட்வேட் கவுண்டி பயன்படுத்திய முறை உலக வரலாற்றில் அரியது. 1959 செப்டெம்பரிலேயே பிள்ளைகளை ஒன்று சேர்த்தல் வேண்டும் என்று அவ்வாண்டு மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கட்டளையிட்டது. ஜூன் மாதத்திற் கூடிய கவுண்டி மேற்பார்வையாளர் சபை, எதிர்வரும் ஆண்டுக்குப் பாடசாலை வரி அறவிடுவதில்லை என்று முடிவு செய்தது. ஆசிரியர் ஒருவரையும் நீக்கவில்லை. பிள்ளை ஒன்றையும் துரத்தவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியை விட்டதோடு சரி. செப்டெம்பர் பிறந்தபொழுது கவுண்டியின் பொதுப் பாடசாலைகள் யாவும் பூட்டுண்டு கிடந்தன. அவை ஐந்து ஆண்டு திறக்கப்படவில்லை.

வெள்ளைப் பெற்றோர் 1955இலேயே இதற்கு ஆயத்தமாய்த் தனித் தாபனம் ஒன்றைப் பதிவு செய்து, பணம் திரட்டத் தொடங்கியிருந்தனர். ஆகவே பிரின்ஸ் எட்வேட் அக்கடமி என்னும் தனியார் பாடசாலை அதே செப்டெம்பரிற் கதவு திறந்தது. தேவாலய அறைகளிலும் சங்க மண்டபங்களிலும் ஏறத்தாழ 1,500 வெள்ளைப் பிள்ளைகள் பாடம் படித்தனர். பொதுப் பாடசாலைகளிற் கற்பித்த வெள்ளை ஆசிரியர்களுட் பெரும்பாலோர் அங்கே சென்றனர். கறுப்பினப் பிள்ளைகளோ ஏறத்தாழ 1,700 பேர். அவர்களுக்குப் பாடசாலையே இல்லை. இரு தொகையையும் ஒருங்கே நோக்கினால், அவ்வூருக்குப் பொதுவான ஒரே இடாப்பு இருந்திருப்பின் அது எவ்வாறு அமைந்திருக்கும் என்பது விளங்கும். ஏறக்குறையச் சரிபாதியாய் அமைந்திருக்கவேண்டிய இடாப்பு, ஒரு வரியை விட்ட செயலால் இரண்டாய்க் கிழிந்தது.

தனியார் பாடசாலை தனியார் பணத்தில் நடந்தது என்று எண்ணுதல் இயல்பு. முதலாம் ஆண்டில் அது பெரும்பாலும் உண்மையே. நன்கொடைகளே அதனைத் தாங்கின. 1960இல் நிலை மாறியது. மாநிலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் 125 அல்லது 150 டொலர் உதவிப்பணம் வழங்க முன்வந்தது. கவுண்டி மேலும் 100 டொலர் சேர்த்தது. ஆகவே அக்கடமியிற் பயின்ற ஆரம்ப வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 225 டொலரும், உயர்தர வகுப்புப் பிள்ளைக்கு 250 டொலரும் பொதுப்பணத்திலிருந்து கிடைத்தன. இத்தகைய பாடசாலைக்கு நன்கொடை கொடுப்போர் தம் ஆதன வரியிற் காற்பங்கு வரை கழித்துக்கொள்ளவும் கவுண்டி இடமளித்தது. அவ்வாண்டில் அக்கடமியின் முதன்மையான வருவாய் இவ்வுதவிப்பணமே. ஆக, பொதுப் பாடசாலைக்குப் பணம் இல்லையென்று கையை விரித்த ஆட்சி, தனியார் பாடசாலைக்குப் பின்வாசல் வழியாகப் பணம் அனுப்பிற்று. கறுப்பினப் பெற்றோர் செலுத்திய வரியும் அதில் அடங்கும். 1961இல் நீதிமன்றம், பொதுப் பாடசாலைகள் மூடிக் கிடக்குங்காறும் இவ்வாறு வழங்கலாகாது என்று தடுத்தது.

இங்கே மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனியார் பாடசாலை அமைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் சிலர் கூறினர். பசித்திருப்போர்க்கு எந்த உணவும் இனிக்கும் என்று அவர்கள் எண்ணினர் போலும். கறுப்பினப் பெற்றோர் அதனை மறுத்துவிட்டனர். தனியார் பாடசாலையை ஏற்றுக்கொண்டால், பொதுப் பாடசாலை இல்லாமலே ஓர் ஊர் நடக்கலாம் என்பதைத் தாமும் ஒப்புக்கொண்டவராவர். பின்னர் நீதிமன்றத்திற் கேட்பதற்கு யாதும் இராது. தங்கள் பிள்ளைகளின் இன்றைய கல்விக்கும், பின்வரும் பிள்ளைகளின் உரிமைக்கும் இடையில் அவர்கள் நிறுத்தப்பட்டனர். எந்தப் பெற்றோர்க்கும் இத்தகைய நிலை வருதலாகாது. அவர்கள் உரிமையைப் பற்றி நின்றனர். அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள்.

அவ்விலை சிறியதன்று. வசதியுள்ள சில குடும்பங்கள் அயற் கவுண்டிகளுக்குப் பெயர்ந்தன. சில பிள்ளைகள் வேற்றூரில் உள்ள பாட்டி வீட்டிலும் மாமன் வீட்டிலும் தங்கிப் படித்தனர். குவேக்கர் சமயத்தாரின் தொண்டுச் சபை சிலரை வேறு மாநிலங்களில் அறியாத குடும்பங்களோடு தங்கவைத்துப் படிப்பித்தது. வடகரோலினாவிலுள்ள கிற்றெல் கல்லூரி மூத்த மாணவர் சிலரை ஏற்றது. தேவாலயங்களின் கீழறைகளில் ஆசிரியைகளும் தாய்மாரும் எழுத்தும் எண்ணும் மறவாதிருக்கச் சிறு நிலையங்கள் நடத்தினர். எஞ்சிய பெருந்தொகையினர் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தனர்; அல்லது வீட்டில் இருந்தனர். 1959இல் ஆறு வயதாயிருந்த பிள்ளை, முதன்முதலாக ஏட்டைக் கையில் எடுத்தபொழுது பத்து வயதைத் தாண்டியிருந்தது. பதினைந்து வயதாயிருந்தோர் பலர் பின்னர் திரும்பியே வரவில்லை. கட்டணம் செலுத்த இயலாத ஏழை வெள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும் இவ்வாறே பாடசாலையின்றி நின்றனர் என்பதையும் சொல்லுதல் நேர்மை.

1963 செப்டெம்பரில், மத்திய அரசாங்கத்தின் தூண்டுதலாலும் அறநிதியங்களின் பொருளுதவியாலும் ‘இலவசப் பாடசாலைகள்’ என்னும் பெயரிற் பாடசாலைகள் அங்கே ஓராண்டுக்குத் திறக்கப்பட்டன. வேர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் கோல்கேற் டார்டன் நிருவாக சபைக்குத் தலைமை தாங்கினார். நீல் சலிவன் என்னும் கல்வியாளர் நியூயோர்க்கிலிருந்து வந்து அவற்றை நடத்தினார். ஆசிரியர்களில் இரு இனத்தாரும் இருந்தனர். 1,500க்கு மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தனர். தொடக்க நாளில் அவர்களுள் வெள்ளைப் பிள்ளைகள் நால்வர்.

1964 மே 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஹியூகோ பிளாக், தென்மாநிலமாகிய அலபாமாவிற் பிறந்தவர். ஒரு கவுண்டி மட்டும் பொதுப் பாடசாலைகளை மூடி, அதே வேளையில் இனம் பிரிக்கும் தனியார் பாடசாலைகளுக்குப் பொதுப்பணம் கொடுத்தது, இனத்தை முன்னிட்டே என்று அவர் கண்டார். வேண்டுமாயின் வரி அறவிடுமாறும் மேற்பார்வையாளர் சபையைக் கீழ் நீதிமன்றம் பணிக்கலாம் என்று தீர்ப்பிற் கூறப்பட்டது. வழக்கின் பெயர் கிரிஃபின். வேலைநிறுத்த நாட்களிற் பிள்ளைகளுக்குத் துணைநின்ற அதே போதகரின் குடும்பத்துப் பெயர் அது.

பூட்டுத் திறந்தது, ஆனால் இடாப்பு ஒன்றாகவில்லை. தொடக்கத்திற் கூறிய 1964 செப்டெம்பர் நிலை இதுவே. நீதிமன்றம் கதவைத் திறக்கக் கட்டளையிடலாம். அக்கதவால் யார் நுழைவது என்று கட்டளையிட இயலாது. அக்கடமிக்கு அப்பொழுது சொந்தக் கட்டடம் இருந்தது. பழகிய ஆசிரியர் இருந்தனர். வெள்ளைப் பெற்றோரின் பிடிவாதம் வழக்கமாய் முதிர்ந்திருந்தது.

பிரின்ஸ் எட்வேட் காட்டிய வழியிற் பல ஊர்கள் சென்றன. மிசிசிப்பி மாநிலத்தில் 1963-64ஆம் ஆண்டிற் கத்தோலிக்கப் பாடசாலைகள் நீங்கலாகத் தனியார் பாடசாலைகள் 17. அவற்றிற் பயின்றோர் 2,362 பேர். அவர்களுள் 916 பேர் கறுப்பினத்தார். 1969 ஒக்டோபரில், மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டி வழக்கில், இனி ஒரு நாளும் தாமதிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. 1970 செப்டெம்பரில் அத்தகைய தனியார் பாடசாலைகள் 155 ஆயின. பயின்றோர் ஏறத்தாழ 42,000 பேர். அநேகமாய் அனைவரும் வெள்ளையர். ஏழே ஆண்டிற் கல்வி ஆர்வம் பதினேழு மடங்கு பெருகியது என்று இதற்குப் பொருள் கொள்வார் யாரும் இலர்.

இப்பாடசாலைகளின் உயிர்நிலை பணத்தில் இருத்தலை அறிந்தோர், அதன்பின் அப்பணத்தைப் பற்றியே வழக்காடினர். 1970இல், இனம் பிரிக்கும் தனியார் பாடசாலைகளுக்கு வரிவிலக்களித்தலை நீதிமன்றம் தடுத்தது. 1973இல், மிசிசிப்பி அரசு அவற்றின் மாணவர்க்கு இலவசப் பாடநூல் கொடுத்தல் தவறு என்று தீர்க்கப்பட்டது. 1976இல் வேர்ஜீனியாவிலிருந்தே எழுந்த வழக்கொன்றில், தனியார் பாடசாலையாயினும் இனம் காரணமாகப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தல் சட்டவிரோதம் என உச்ச நீதிமன்றம் கூறியது. 1983இல் வரிவிலக்குப் பற்றிய கொள்கையையும் அது உறுதிப்படுத்தியது. பிரின்ஸ் எட்வேட் அக்கடமி 1978இல் வரிவிலக்கை இழந்தது. 1986இல் முதன்முறையாகக் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்தது. 1990களின் தொடக்கத்திற் செல்வர் ஒருவரின் பெருநன்கொடையைப் பெற்று ஃபுக்குவா பாடசாலை எனப் பெயரும் மாறியது.

பொதுப் பாடசாலைகளின் இடாப்பும் மெல்ல மாறிற்று. 1970களிற் பாடசாலைகளின் தரம் உயர்ந்தது; வெள்ளைப் பிள்ளைகள் சிறுகச் சிறுகத் திரும்பினர். 1980களின் முடிவில் அவர்கள் தொகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஒரு தலைமுறை கிழித்ததைத் தைப்பதற்கு மற்றொரு தலைமுறை வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றைக் கொண்டு தனியார் பாடசாலைகள் யாவும் இனப்பகையால் எழுந்தவை என்று முடிவு கட்டுதல் தவறாகும். 1947இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு ஏழாண்டு முன்பே, செயின்ற் லூயிஸ் நகரப் பேராயர் ஜோசப் றிற்றர் தம் ஆட்சிக்குட்பட்ட கத்தோலிக்கப் பாடசாலைகளில் இனப்பிரிவை நீக்கினார். 1962இல் நியூ ஓர்லியன்ஸ் பேராயர் ஜோசப் றம்மெல் அவ்வாறே செய்து, அதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மூவரைத் திருச்சபையினின்றும் விலக்கினார். தனியார் பாடசாலை என்பது ஒரு கலம். அதில் யாது இடப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் தன்மை.

ஆயினும் கடந்த காலத்தின் தடம் தொகையில் இன்னும் தெரிகின்றது. 2019ஆம் ஆண்டு மத்திய கல்விப் புள்ளிவிவரப்படி, அமெரிக்கத் தனியார் பாடசாலை மாணவருள் நூற்றுக்கு 66 பேர் வெள்ளையர். 9 பேர் கறுப்பினத்தார். பொதுப் பாடசாலைகளில் வெள்ளையர் நூற்றுக்கு 46 பேர் அளவினர். கறுப்பினத்தார் 15 பேர். இவ்வேறுபாட்டுக்கு வருமானம், குடியிருப்பு, சமயம் எனக் காரணம் பல உள. அவற்றுள் வருமானமும் குடியிருப்பும் எவ்வாறு அமைந்தன என்று கேட்டால், பூட்டிய கதவுகளின் வரலாறு மீண்டும் எதிரே வந்து நிற்கும். ஐந்தாண்டு கல்வி இழந்தவர் பெறக்கூடிய தொழில் யாது? அவர் குடியிருக்கும் தெரு எது? அவர் தம் பிள்ளைக்குச் செலுத்தக்கூடிய கட்டணம் எவ்வளவு? விருப்பம் என்னும் சொல், தெரிவதற்கு இரு பொருள் தம் முன் இருப்போர்க்கே உரியது. பிரின்ஸ் எட்வேட்டிற் பதினேழு நூறு பிள்ளைகளின் முன் இருந்தவை பூட்டிய கதவுகளே.

2003இல் வேர்ஜீனியா சட்டமன்றம் அப்பாடசாலைகளை மூடியமைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. மறு ஆண்டு, அக்காலத்திற் கல்வி இழந்தோர் மீண்டும் பயிலுதற்கு உதவிப்பணத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. நரைத்த தலையுடையோர் பலர் அந்நிதியைப் பெற்று வகுப்பறைக்குச் சென்றனர். பழைய மோட்டன் பாடசாலைக் கட்டடம் 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

பார்பரா ஜோன்ஸ் 1991இற் காலமானார். அமெரிக்கப் பாராளுமன்ற மாளிகையில் ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களுள் இருவரின் சிலையை வைத்தல் மரபு. வேர்ஜீனியாவின் சார்பில் அங்கே நெடுங்காலம் நின்றது, 1865இல் ஃபார்ம்வில் வழியாகப் பின்வாங்கிய றொபேட் லீயின் சிலை. 2020 டிசெம்பரில் அது அகற்றப்பட்டது. அவ்விடத்துக்கு வேர்ஜீனியா தெரிந்தது, அதே ஃபார்ம்வில்லில் மழை ஒழுகும் கொட்டிலிலிருந்து எழுந்து நடந்த பதினாறு வயது மாணவியின் உருவத்தை.

பந்தி வஞ்சனை பெரும் பாவம் என்பர் நம் முன்னோர். இலை போடாமலே சிலரை எழுப்பி விடுவதும் பந்தி வஞ்சனையே. ஓர் ஊரிற் பிள்ளைகள் இரு கூறாய்ப் பாடசாலை செல்வதைக் காணுமிடத்து, எவர் எதனை விரும்பினர் என்று கேட்பதோடு அமையலாகாது. இலை எவர்க்குப் போடப்பட்டது, அதற்குரிய பணம் எவர் பையிலிருந்து வந்தது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாக்களுக்குரிய விடை இடாப்பிலேயே இருக்கும்.